அன்னதானமும் ஆயாவின் சம்பளமும்

முதியோர் இல்லங்களையும் ஆதரவற்றோர் காப்பகங்களையும் பற்றிச் சேலம், நாமக்கல் பக்கத்தில் யாரிடம் பேசினாலும், அவர் லாரி முதலாளியானாலும் தறி ஓட்டுகிறவரானாலும், பேச்சு ஒரே அபிப்பிராயத்தில் வந்து முடிகிறது. “பெத்த புள்ளைகளே பாக்காத காலத்துல, யாரோ ஒருத்தரு எடங்குடுத்துச் சோறு போட்டு வெச்சுப் பாத்துக்கறாரு, அதுல போயி நொட்டை சொல்லலாமுங்களா?” என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே படுகிற இந்த வாதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: நடத்துகிறவர் நல்லவராயிருந்தால் நடக்கிற காரியமும் நன்றாகவே இருக்கும், ஆகையால் அவரைக் கணக்குக் கேட்பதும், இரவில் எத்தனை ஆள் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரிப்பதும், உரிமம் எங்கே என்று நிற்பதும் தருமத்துக்கு இடையூறு செய்வதாகும் என்ற நம்பிக்கை. இது பிழை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த இல்லங்களில் முதியோரும் நோயாளிகளும் குழந்தைகளும் சாக வேண்டாத சாவு சாவதற்குக் கொடியவர்களின் கொடுமை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் நல்லவர்களைக் கேள்வி கேட்கக் கூசுகிற நம்முடைய இந்த மரியாதையும்தான் என்பது என் துணிபு.

ஏர்வாடியிலிருந்து தொடங்குகிறேன். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கிடந்த இடத்திலேயே கருகினார்கள்; மாண்டவர்கள் 28 பேர். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் அவ்வூரில் இருந்த அத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். காப்பகத்தை நடத்தியவர்களுக்குப் பின்னாளில் சிறைத்தண்டனையும் கிடைத்தது. இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதை மூடநம்பிக்கையின் கதையாகவும், இரக்கமற்ற மனிதர்களின் கதையாகவும் எழுதினார்கள். இரண்டும் உண்மையே. ஆயினும் அந்தச் சங்கிலி அங்கே ஏன் இருந்தது என்று ஒரு கணம் நிதானித்துக் கேட்டுப் பார்த்தால், நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளை இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைக்காத இடத்தில், ஆளுக்குப் பதிலாக வைக்கப்பட்ட பொருளே சங்கிலி என்பது விளங்கும். ஓர் ஆளின் மாதச் சம்பளத்தைவிடச் சங்கிலியின் விலை குறைவு. கொட்டகையில் தீ எழுந்தபோது அவிழ்த்துவிட ஒரு கை இல்லாமற் போனதும், அதற்கு முந்தைய ஒவ்வோர் இரவிலும் கட்டிப்போட நேர்ந்ததும், ஒரே பற்றாக்குறையின் இரண்டு தோற்றங்கள்.

சங்கிலியை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. ஆனால் ஆளுக்குப் பதிலாக வேறொன்றை வைக்கிற வழக்கம் எந்தச் சட்டத்துக்கும் அகப்படாமல், இன்று நம் ஊர்ப்பக்கத்து இல்லங்களிலும் பல ரூபங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இரவில் எழுப்பி அழைத்துப்போக ஆள் இல்லாததால், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கிழவிகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று ஓர் எழுதாத விதி இருக்கும். அதன் பலனாக நீர்க்கடுப்பும், அதன்மேல் காய்ச்சலும், காய்ச்சலின்மேல் புத்தி தடுமாற்றமும் வரும். பார்க்க வருகிறவர்களிடம் “வயசாயிருச்சு, நெனப்புத் தப்பிப் பேசுது” என்று சொல்லப்படும். எழுந்து நடமாடுகிறவர் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பழைய சேலைக் கிழிசலால் கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு எல்லாருக்கும் ஒரு தூக்க மாத்திரை கொடுப்பார்கள். முன்வாசல் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை ஒரே ஒருத்தி முந்தானையில் முடிந்துகொண்டு படுப்பாள். இவற்றைச் செய்கிறவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். இவை ஒவ்வொன்றும் ஆள் போதாத இடத்தில் நல்லெண்ணத்தோடேயே கண்டுபிடிக்கப்படுகிற உபாயம் என்பதுதான் என்னை மிகவும் கலங்கவைக்கிறது.

ஆள் போதவில்லை என்பதை வெறும் புலம்பலாக எண்ணுகிறவர்களுக்கு ஓர் எளிய கணக்கை முன்வைக்கிறேன். படுத்த படுக்கையாகிவிட்டவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு புறமிருந்து மறுபுறம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் முதலில் சிவந்து, பிறகு கன்றி, பிறகு எலும்பு தெரிகிற வரையில் புண்ணாகும். புரட்டி, நனைந்த துணியை மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணை அண்டை கொடுத்துவிட்டு நகர, கைப்பழக்கம் உள்ளவர்க்கும் 10 நிமிஷம் பிடிக்கும். கனத்த உடம்பாயிருந்தால் இரண்டு பேர் வேண்டும். ஓர் இல்லத்தில் அத்தகையவர் 12 பேர் இருந்து, இரவில் ஓர் ஆயா மட்டும் இருந்தால், முதலாமவரிலிருந்து பன்னிரண்டாமவர் வரை முடிக்க 120 நிமிஷம் ஆகும். அதாவது முடித்த மறுகணமே முதலாமவரிடம் திரும்பி வர வேண்டும். அந்த ஆயா விடிய விடிய உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வேறெந்தக் குரலுக்கும் திரும்பக் கூடாது. இதைத் தேவதையாலும் செய்ய முடியாது. அவள் மனம் எவ்வளவு இளகியதாயிருந்தாலும் பன்னிரண்டு பேரில் சிலருக்குப் புண் வரத்தான் செய்யும். படுக்கைப்புண்ணை அன்பின் குறைவாகப் பார்ப்பது தவறு. அது ஆட்குறைவின் அளவுகோல்.

என் பெரியம்மா தம் கடைசிக் காலத்தைச் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குள் அடங்கிய ஓர் இல்லத்தில் கழித்தார். அதை நடத்தியவர் மெய்யாகவே நல்லவர். தம் சொந்த நிலத்தை விற்று இல்லம் கட்டியவர். இருந்தவர்களையெல்லாம் அம்மா, அப்பா என்றே அழைத்தவர். ஒருநாள் பேருந்து தாமதமாகி இரவு ஒன்பது மணிக்குமேல் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்த அந்தக் கட்டடத்தில் ஓர் ஆயா மட்டுமே இருந்தாள். குளியலறையில் ஒரு முதியவர் வழுக்கி விழுந்து கிடந்தார். தனியாக அவரைத் தூக்க முயன்று, முடியாமல், அவர் தலைக்கடியில் தன் மடியை வைத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். “ஐயாவுக்கு போன் போட்டனுங்க, எடுக்கலீங்க. அவரக் கேக்காம நூத்தியெட்டுக்குச் சொன்னா வைவாருங்க” என்றாள். ஐயா நன்கொடை விஷயமாகச் சென்னை போயிருந்தார். நானே கூப்பிட்டேன், வண்டி வந்தது, அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுநாள் ஐயா என்னைப் பார்த்துக் கண்கலங்கினார். அந்தக் கண்ணீரில் பொய் சிறிதும் இல்லை. ஆனால் தாம் இல்லாத வேளையில் யார் தீர்மானிப்பது என்பதைச் சொல்லி வைக்காமல் போனவர் அவர். ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் மருத்துவ வண்டியை அழைக்கலாம் என்ற ஒரு வாக்கியத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காதவர் அவர். தலைமை என்பது, தலைவர் ஊரில் இல்லாத இரவில் அந்த வீடு எப்படி நடக்கிறது என்பதில்தான் பரீட்சிக்கப்படுகிறது.

இனி, பழியில் நமக்குள்ள பங்குக்கு வருகிறேன். நம் பிரதேசத்து மனிதர்கள் கொடுப்பதில் பின்வாங்குகிறவர்கள் அல்லர். ரிக் வண்டியில் வடநாடெல்லாம் போய்ச் சம்பாதித்த திருச்செங்கோட்டுக்காரரும், கோழிப்பண்ணை வைத்த நாமக்கல்காரரும், கொலுசுப் பட்டறை வைத்த சேலத்துக்காரரும், குழந்தையின் பிறந்தநாளுக்கும் தகப்பனாரின் திதிக்கும் இல்லத்துக்குப் போய் ஒருவேளைச் சாப்பாடு போட்டுவிட்டு வருவதைக் கடமையாகவே வைத்திருக்கிறார்கள். காலை டிபனுக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு இவ்வளவு என்று அச்சடித்த கட்டண அட்டையே பல இல்லங்களில் உண்டு. இன்னும் வசதியுள்ளவர்கள் கட்டில், மின்விசிறி, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், டைல்ஸ் பதித்த கூடம் என்று வாங்கிக் கொடுத்து, அவற்றில் தம் பெற்றோர் பெயரைப் பொறித்துவைக்கிறார்கள். இத்தனையும் நல்ல காரியங்களே. ஆனால் இரவு ஆயாவின் சம்பளத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி வந்த ஒரு நன்கொடையாளரை நான் கண்டதில்லை. கூலியில் பெயர் பொறிக்க இடமில்லை. அதைப் புகைப்படம் எடுக்க முடியாது. அது முதல் தேதியன்று கைமாறிக் கரைந்துபோகிறது. அதனால் என்ன நேர்கிறது? அமாவாசையன்று மூன்று குடும்பங்கள் கொண்டுவந்த பாயசம் மிஞ்சிக் கொட்டப்படுகிற அதே வீட்டில், பகலில் சமைத்து, துணி துவைத்து, பெருக்கி முடித்த பெண்ணே ராத்திரிக்கும் இருந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறாள். சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்று இனிப்பு வேண்டாம் என்று சொல்ல ஒரு நர்ஸ் இருந்திருந்தால் அந்தப் பாயசமே வந்திராது.

ஆகவே ஆட்குறைவை நடத்துகிறவரின் தலையில் மட்டும் கட்டிவிட்டுக் கொடுத்தவர்கள் கைகழுவிக்கொள்ள முடியாது. எதைக் கேட்டால் நாம் கொடுப்போமோ அதைத்தான் நடத்துகிறவர் கேட்கிறார். நாம் சோறு கொடுக்கிறோம் என்பதால் அவர் சோறு கேட்கிறார். ஆயாவின் சம்பளத்துக்கு உதவுங்கள் என்று அவர் கேட்டால், “சேவைதானே, சம்பளம் எதுக்குங்க?” என்று நாம் முகத்தைச் சுளிப்போம் என்பது அவருக்குத் தெரியும்.

“இந்த வேலைக்கு ஆளே வருவதில்லை” என்பது இங்கே உடனே எழுகிற ஆட்சேபம். விடியற்காலையில் ராசிபுரம், பரமத்தி வட்டாரத்துக் கிராமங்களின் முச்சந்திகளில் நின்று பாருங்கள். மில் வேன்களிலும் பண்ணை வேன்களிலும் பெண்கள் ஏறிப் போகிறார்கள். பஞ்சு பறக்கிற இடத்திலும் கோழி எச்சம் நாறுகிற இடத்திலும் நின்று உழைக்கிற அவர்களுக்கு, ஒரு கிழவியின் துணியை மாற்றுவது மட்டும் இழிவாகிவிடாது. மில்லில் ஷிப்டு உண்டு, வார விடுமுறை உண்டு, பி.எப். பிடித்தம் உண்டு; இல்லத்திலோ இவை ஒன்றும் இல்லாமல், “புண்ணியம் கெடைக்கும்” என்பதே சம்பளத்தின் மீதிப் பாகமாகச் சொல்லப்படுகிறது. புண்ணியம் வேண்டுகிறவர் தமக்காக வேண்டிக்கொள்ளட்டும். பிறத்தியாளின் கூலியில் பிடித்தம் செய்து சேர்க்கிற புண்ணியம் யார் கணக்கில் ஏறும் என்பதை அவரவர் நெஞ்சே சொல்லும்.

நம் ஊர்க் கோழிப்பண்ணையை ஒருகணம் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒப்பிட மனம் கூசினாலும், ஒப்பிடாமலிருக்க முடியவில்லை. நாமக்கல் பண்ணைக்காரர் ஒவ்வொரு கொட்டகைக்கும் தினசரிக் குறிப்பு எழுதுகிறார்: இன்று எத்தனை முட்டை, எத்தனை கிலோ தீனி, எத்தனை கோழி செத்தது, எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது. சாவு ஒருநாள் வழக்கத்துக்கு மேல் ஏறினால், செத்த கோழியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடி, அறுத்துப் பார்த்துக் காரணம் தெரிந்துகொண்டுதான் மறுகாரியம் பார்க்கிறார். 1985 முதல் அந்நகரில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருந்து இந்தச் சிரத்தையை ஒரு சாஸ்திரமாக வளர்த்திருக்கிறது. அதே ஊரின் இல்லம் ஒன்றில் சென்ற ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள், எந்த மாதத்தில் அதிகம், எத்தனை பேர் விழுந்து இறந்தார்கள், எத்தனை பேர் புண் புரையோடி இறந்தார்கள் என்று கேட்டால், “வயசானவுங்கதானுங்களே” என்ற பதில் வருகிறது. வயதானவர்களின் சாவுக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை என்று நாம் எப்போது தீர்மானித்தோம்?

இந்தத் தீர்மானம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்தில் சாகுந்தறுவாயில் இருப்போருக்கென்று நடந்த ஓர் இல்லத்தின் வண்டியில், காய்கறி மூட்டைகளோடு முதியவர்களும் ஒரு சடலமும் இருந்ததை வழியில் ஜனங்கள் கண்டு தடுத்தார்கள். அங்கே இறந்தவர்களை அடுக்கி வைக்கிற கல்லறை அறைகளின் சங்கதியும் வெளிவந்தது. ஊரெல்லாம் வதந்திகள் பரவின. அவற்றை நான் எடுத்தாளவில்லை. வதந்திகள் பரவியதற்கே காரணம், ஒவ்வொரு சாவையும் யார் பார்த்து எழுதினார்கள், எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள், உறவினருக்கு யார் தெரிவித்தார்கள் என்ற சாதாரணக் கேள்விகளுக்கு ஜனங்கள் நம்பத்தக்க பதில் கையில் இல்லாததுதான். ஐந்து ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில், உரிமமின்றிப் பல ஆண்டுகள் நடந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணாமல், அவருக்காக ஆட்கொணர்வு மனு ஒன்று உயர்நீதிமன்றத்தின் படியேறியதிலிருந்துதான் எல்லாம் வெளிப்பட்டது. வழக்கு குற்றப்புலனாய்வுத் துறையிடம் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், நமக்குத் தொலைவில்லாத திருப்பூரில், திருமுருகன்பூண்டியின் சிறுவர் காப்பகம் ஒன்றில் உணவு நஞ்சாகி மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அரசு அதை மூடியது. மூன்று இடங்களிலும், சம்பவத்துக்கு முன்னால் போய்க் கேட்டிருந்தால், அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை ஒன்றேதான்: நல்ல காரியம் நடக்கிறது.

ஸ்தாபகரின் தியாகமே ஸ்தாபனத்துக்குப் பிரமாணம் என்று சொல்பவர்கள் அடிக்கடி ஆசிரம சம்பிரதாயத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சம்பிரதாயம் நம் மண்ணிலேயே இருக்கிறது. அதைச் சரியாகப் பார்க்கட்டும். சேலம் நகரசபைத் தலைவராகவும் வருமானமுள்ள வக்கீலாகவும் இருந்தவரான ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது, நிலத்தை ரத்தினசபாபதி கவுண்டர் அளித்தார். ராஜாஜி தம் குழந்தைகளோடு அங்கேயே குடிசையில் குடியிருந்தார். கதரும் வைத்தியமும் பஞ்சநிவாரணமும் அவர் கண்ணெதிரில் நடந்தன. அந்த ஆசிரமத்தின் பெயருக்குரிய காந்தியடிகளோ, பொதுப்பணத்தின் கணக்கைத் தம்பிடி தவறாமல் வைக்காத ஸ்தாபனம் கெட்டுப்போகும் என்பதைத் தென்னாப்பிரிக்க நாள் முதலே வற்புறுத்தியவர். தியாகிகளிலும் தியாகியானவர் தம்மைக் கணக்குக் கேட்கச் சொன்னார். அவர் பெயரைச் சொல்லி இல்லம் நடத்துகிறவரைக் கணக்குக் கேட்பது அபசாரம் என்கிறோம். புதுப்பாளையத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குடிசையின் எளிமையை மட்டுமன்று; தலைவர் அங்கேயே குடியிருந்தார் என்பதையும், கணக்கு யாருக்கும் திறந்திருந்தாக வேண்டும் என்ற அந்த நியதியையும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டு உதாரணங்களில் எனக்கு மோகம் கிடையாது. ஆயினும் இரண்டைச் சொல்வது அவசியம். இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லம் ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிவு செய்யப்பட்ட மேலாளர் ஒருவர் சட்டப்படி பொறுப்பாளி. கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு போய்ப் பார்த்து, பாதுகாப்பாக இருக்கிறதா, பராமரிப்பு பலன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, அவரவர் தேவைக்கு ஏற்ப நடந்துகொள்கிறார்களா, தலைமை சரியாக இருக்கிறதா என்ற ஐந்து கேள்விகளுக்கு விடையெழுதி, அதை ஊரறிய வெளியிடுகிறது. அங்கும் தவறு நடந்திருக்கிறது: பிரிஸ்டலுக்கு அருகில் வின்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் அறிவுவளர்ச்சி குன்றியவர்களை ஊழியர்கள் அடித்து வதைத்ததை 2011இல் பி.பி.சி. ரகசியமாகப் படமெடுத்துக் காட்டியது. பதிவுபெற்ற மேலாளர் இல்லாமலே நெடுநாள் நடந்த இடம் அது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளிக்குப் பிறகு ஓர் இல்லத்தின் குளிர்சாதனம் நின்றுபோய், வெப்பம் தாளாமல் 12 முதியோர் மாண்டார்கள். சாலைக்கு எதிர்ப்புறத்திலேயே பெரிய மருத்துவமனை ஒன்று மின்சாரத்தோடு இயங்கிக்கொண்டிருந்தது. சாலையைக் கடப்போம் என்று தீர்மானிக்க அந்த வீட்டில் ஒருவர் வேண்டியிருந்தது. பணமும் கட்டடமும் விதிகளும் நிறைந்த தேசங்களிலேயே இப்படியென்றால், அவை ஒன்றும் இல்லாமல் மனத்தின் நன்மையை மட்டும் நம்பியிருக்கலாம் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். விதிகளைக் கடுமையாக்கினால் சிறிய இல்லங்கள் மூடிப்போகும், அங்கே இருப்பவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதே அது. உண்மையில் மூடுகிற வேலையை இன்று செய்துகொண்டிருப்பது விதியின்மைதான். வருஷக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருநாள் விபரீதம் நடக்கிறது. மறுநாள் சீல் வைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் மூட்டை கட்டி வேறு மாவட்டத்துக்கு ஏற்றியனுப்பப்படுகிற முதியவர்களில் சிலர் தாங்கள் எங்கே போகிறோம் என்றே அறியார். ஆண்டுதோறும் போய்ப் பார்த்து, குறையைச் சொல்லி, திருத்தத் தவணை கொடுத்து, ஆயாவின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே ஏற்று நடத்துகிற மேற்பார்வை இருந்தால் மூட வேண்டிய இல்லங்கள் குறையும்.

சட்டத்தின் நிலையோ விசித்திரமாயிருக்கிறது. குழந்தைகள் காப்பகத்துக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கி, அடுத்த ஆண்டு வந்த மாதிரி விதிகள் 100 குழந்தைகளுக்கு எந்தெந்த வேலைக்கு எத்தனை பேர் என்று பட்டியலே தருகின்றன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டின் சட்டமோ, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லத்தை அரசு அமைக்கலாம் என்று சொல்லி, தனியார் இல்லங்களின் தரத்தைப் பற்றி மௌனமாயிருந்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்க 2019இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே அச்சபையின் காலம் முடிந்தது. மாநில அரசு வழிகாட்டு நெறிகளை வகுத்து, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிந்துகொள்ளும்படி சொல்லியிருக்கிறது. ஆட்சியர்களும் அவ்வப்போது பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுக்கிறார்கள். பதிவு ஆரம்பந்தான். பதிந்த பிறகு ஒரு நள்ளிரவில் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிற உத்தியோகஸ்தர் வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் போனால் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும்.

அதிகாரிகள் வந்தால் கை நீட்டுவார்கள் என்பதைக் காரணமாகக் காட்டி மேற்பார்வையே வேண்டாம் என்பாரும் உண்டு. இதே சேலம் மாவட்டத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது. பெற்றவர்களே கைவிட்ட பெண்குழந்தையின் உயிருக்கு அரசு பொறுப்பு என்பதை இந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது. அதிகாரிகளின் நேர்மையைச் சந்தேகித்து அந்தத் தொட்டிலை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை. வாழ்க்கையின் ஒரு முனையில் ஒப்புக்கொண்டதை மறுமுனையில் மறுப்பதற்கு நியாயம் இல்லை.

கடைசியாக, எல்லா ஆட்சேபங்களுக்கும் அடியில் ஊறிக்கொண்டிருக்கிற அவமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாயை இல்லத்தில் விட்ட மகன் ஊரில் தலைகுனிந்து நடக்கிறான். சொந்தபந்தம் அவனைப் பழிக்கிறது. பட்டிமன்றம் அவனைப் பழிக்கிறது. சினிமா அவனைப் பழிக்கிறது. பழிக்கப்பட்டவன் குரல் எழும்பாது. தாயின் முதுகில் புண்ணைக் கண்டாலும், “நீயே வெச்சுப் பாத்திருக்கலாமே” என்ற ஒரு வார்த்தைக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிற வீட்டில், நினைவிழந்த ஒரு முதியவரை இருபத்துநான்கு மணி நேரமும் பார்த்துக்கொள்வது மனமிருந்தும் முடியாத காரியம் என்பதை ஒப்புக்கொண்டு, அவன் தலையை நிமிர்த்த விட்டால்தான், இல்லத்தின் வாசலில் நின்று கேள்வி கேட்கிற முதல் மனிதனாக அவன் ஆவான்.

அவன் கேட்க வேண்டியவை அதிகமில்லை: இன்றிரவு யார் யார் வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் பகலிலும் வேலை செய்தவர்களா, பொறுப்பாளர் ஊரில் இருக்கிறாரா, இல்லையென்றால் தீர்மானிக்கிறவர் யார், கிரில் கேட்டின் இரண்டாவது சாவி எங்கே தொங்குகிறது, சென்ற மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள். இவற்றின் விடைகளை ஒரு கரும்பலகையில் எழுதி வாசலில் மாட்டும்படி ஆட்சியர் உத்தரவிட வேண்டும். ஆய்வு அறிக்கையின் நகல் ஊராட்சிக்குப் போய், அக்டோபர் 2ஆம் தேதி கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். திதிக்குச் சாப்பாடு போடப் போகிற குடும்பம், அந்த ஆண்டு பாயசத்தைக் குறைத்துக்கொண்டு, இரவு ஆயா ஒருத்தியின் ஒரு மாதச் சம்பளத்தை ரசீது வாங்கிக்கொண்டு கட்ட வேண்டும். அந்த ரசீதில் தகப்பனார் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாலும் குற்றமில்லை.